5 ஆம்பியர் போட்டால் நிற்குமா?

கேள்வி: என் பவர் சப்ளையில் ஃபியூஸ் போய்விட்டது. பழைய ஃபியூஸின் உலோக மூடியில் 'டீ 3.15 ஏ எல் 250 வி' என்று ஆங்கில எழுத்துகளில் பொறித்திருக்கிறது. கடையில் 3 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் ஒன்று கொடுத்தார்கள். மாட்டி ஸ்விட்சைப் போட்டதுமே அதுவும் போயிற்று. '5 ஆம்பியர் போடுங்கள், நிற்கும்' என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். 5 ஆம்பியர் நிற்கலாம். ஆனால் கோளாறு வரும்போது ஃபியூஸுக்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மர் சுருள் உருகும்.

ஆம்பியர் எண்ணைப் பார்த்தவர்கள் முதல் எழுத்தை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 'டீ' என்றால் மெதுவாக உருகும் வகை, அதாவது ஸ்லோ ப்ளோ. வேகமாக உருகுவதற்கு 'எஃப்' என்று போட்டிருப்பார்கள். ஸ்விட்ச் போட்ட கணத்தில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டர்கள் காலியாக இருப்பதால், நிரம்புவதற்காக, வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். கண் இமைக்கும் நேரம்தான். 'டீ' வகை அதைப் பொறுத்துக்கொள்ளும், 'எஃப்' வகை பொறுக்காது. உங்களுக்குக் கொடுத்தது 'எஃப்' ஆக இருந்தால், சப்ளையில் எந்தக் குறையும் இல்லாமலேயே அது போயிருக்கலாம். மூடியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

3.15 என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றும். 2, 2.5, 3.15, 4, 5 என்று போகும் வரிசையில் வருவது அது, கேட்டால் கிடைக்கும்.

'எல்' என்பது ஷார்ட் ஆகும்போது பாயும் பெரும் மின்சாரத்தை வெட்டும் திறன். இந்த அளவு கண்ணாடி ஃபியூஸுக்கு அது 35 ஆம்பியர்தான். 'எச்' என்றால் பொதுவாக உள்ளே மணல் நிரப்பிய பீங்கான் குழல், 1500 ஆம்பியர் வரை தாங்கும். 'எல்' இருந்த இடத்தில் 'எச்' போடலாம். 'எச்' இருந்த இடத்தில் 'எல்' போட்டால் கண்ணாடி வெடிக்கக்கூடும். வோல்ட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. நீளத்தையும் அளந்துகொண்டு போங்கள்: 20 மி.மீ., 32 மி.மீ. என இரண்டு அளவுகள் பரவலாக உண்டு.

வாங்குவதற்கு முன், முதலில் போன ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், பெரும்பாலும் வயதாகியிருக்கும் அல்லது சற்றே அதிக சுமை இழுத்திருக்கும். சரியான ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாம். உட்புறம் கறுத்தோ வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால் ஷார்ட் என்றுதான் சந்தேகிக்க வேண்டும். அப்போது எத்தனை ஃபியூஸ் வாங்கினாலும் காசு வீண். ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் டயோடைச் சோதிக்கக் கொடுங்கள். மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் ஸ்விட்சிங் வகையாக இருந்தால், அப்படி வெட்டுகிற ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரையும் சேர்த்து. அந்த வகையை நீங்களே திறக்க வேண்டாம். 230 வோல்ட்டில் ஓடுகிற சப்ளையின் கெபாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 320 வோல்ட் வரை தேங்கியிருக்கலாம்.

சரியானது கிடைத்தால் இரண்டு மூன்றாக வாங்கி, எழுத்துகளோடு ஒரு காகிதத்தில் மடித்து சப்ளையின் முதுகில் ஒட்டி வையுங்கள்.