சிங்கப்பூர்ல இருந்து டிவி தூக்கிட்டு வரலாமா?

ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, நான் சிங்கப்பூர்ல எஸ் பாஸ்ல வேலை பாக்கறேன். அடுத்த மாசம் லீவுக்கு பட்டுக்கோட்டை போறேன், திருச்சி ஃப்ளைட். வீட்டுக்கு 55 இன்ச் டிவி, காலேஜ் சேந்திருக்கற தங்கச்சிக்கு லேப்டாப், அப்பாவுக்கு போன், அம்மாவுக்கு ரைஸ் குக்கர். இங்கயே வாங்கிட்டு போனா லாபமா இல்ல ஊர்ல வாங்கிக்கலாமா? ஏர்போர்ட்ல ஜிஎஸ்டி வேற திருப்பி குடுப்பாங்களாமே?"

ஜிஎஸ்டிய முதல்ல முடிச்சிடுவோம். தர மாட்டாங்க தம்பி. சாங்கி ஏர்போர்ட்ல 9 சதவீதம் திருப்பி வாங்குறது டூரிஸ்ட்டுக்கு மட்டும் தான், ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், இபின்னு எந்த வேலை பாஸ்ல இருந்தாலும் நமக்கு கிடையாது. சும்மா மெஷின் முன்னாடி நின்னு பாஸ்போர்ட்ட தேச்சு பாத்துட்டு இருக்காதீங்க. அதனால கடைல போட்டிருக்கற விலை தான் உங்க விலை, அதுல 9 சதவீதம் கழிச்சு மனசுக்குள்ள கணக்கு போடறத விட்ருங்க.

இப்ப டிவி. வேண்டாம். 2013 ஆகஸ்ட்ல இருந்து ஃப்ளாட் டிவிய பேக்கேஜ் அலவன்ஸ்ல (கஸ்டம்ஸ் வரி, அதான் டூட்டி, கட்டாம கொண்டு வரலாம்னு விட்டிருக்கற அளவு) இருந்தே எடுத்துட்டாங்க, அதாவது உங்க அலவன்ஸ் முழுசா மிச்சம் இருந்தாலும் டிவிக்கு முதல் ரூபால இருந்து டூட்டி. பல வருஷமா அது 38.5 சதவீதம். 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) டிவின்னா 308 வெள்ளி கஸ்டம்ஸ்லயே போச்சு, அதுக்கு மேல ஏர்லைன்ஸ்காரன் பெரிய சைஸ் சாமான்னு தனியா கேப்பான், பெல்ட்ல எப்படி வருதோ அது உங்க அதிர்ஷ்டம். ஊர்ல 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கு 28 சதவீதம் இருந்த ஜிஎஸ்டிய 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 ஆக்கிட்டாங்க, அதோட வசந்த் அண்ட் கோ, சத்யா மாதிரி கடைங்கள்ல பண்டிகை டைம்ல கார்டு ஆஃபர், எக்ஸ்சேஞ்ச்னு இன்னும் கொஞ்சம் குறையும், பெரும்பாலும் வீட்டுக்கே வந்து சுவத்துல மாட்டியும் குடுத்துடுவாங்க. இன்னொரு கூத்து என்னன்னா சாம்சங் டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் செய்யுற ஃபேக்டரி நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தான் இருக்கு, அத விட்டுட்டு கடல் தாண்டி தூக்கிட்டு வரணுமா?

இத நான் படிச்சுட்டு சொல்லல, பட்டுட்டு சொல்றேன். 2011ல நானே ஒரு 40 இன்ச் எல்சிடிய போர்வை சுத்தி, ரெண்டு பக்கமும் தெர்மாகோல் வச்சு கொண்டு வந்தேன், அப்ப எல்லாரும் அப்படித்தான். எட்டு மாசத்துல நட்ட நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் பச்சையா ஒரு கோடு. தஞ்சாவூர்ல சர்வீஸ் சென்டருக்கு ஆட்டோல வச்சு கொண்டு போனேன், அந்த பையன் பின்னாடி ஒட்டியிருந்த சீரியல் நம்பர தட்டி பாத்துட்டு ஒண்ணும் பேசாம மானிட்டர என் பக்கம் திருப்பி காட்டுனான், இந்த நம்பர்ல எதுவும் பதிவாகலன்னு சிவப்புல வந்து நிக்குது. பேனல் மாத்த அவன் சொன்ன காசுக்கு புது டிவியே வாங்கிடலாம். எங்கம்மா மூணு வருஷம் அந்த கோட்டோடயே சீரியல் பாத்தாங்க.

அன்னில இருந்து யார் கேட்டாலும் நான் விலைய அப்புறம் தான் பாப்பேன், ரிப்பேர் ஆனா எங்க குடுப்பீங்க, யாரு தூக்கிட்டு போவா, அத சொல்லுங்க முதல்லன்னு தான் கேப்பேன்.

அந்த கணக்குல பாத்தா லேப்டாப்ப தாராளமா சிங்கப்பூர்ல வாங்கலாம். 18 வயசு ஆன பயணி ஒருத்தர் ஒரு லேப்டாப்ப டூட்டி இல்லாம கொண்டு வரலாம், அது அலவன்ஸ் கணக்குலயும் சேராது. நம்ம ஊர்ல விக்கிற அதே இங்கிலீஷ் கீபோர்டு தான். மேக்புக்னா வாரண்டி இந்தியாவுலயும் செல்லும். மத்த கம்பெனில மாடலுக்கு மாடல் மாறும், கடைக்காரர் "வேர்ல்டுவைட் வாரண்டி லா"ன்னு சொல்றத நம்பி கார்ட நீட்டாதீங்க, டப்பால இருக்கற சீரியல் நம்பர கம்பெனி வெப்சைட்ல போட்டு இந்தியான்னு வருதான்னு அங்கயே நின்னு பாருங்க. உங்க பழைய லேப்டாப்ப ரூம்லயே விட்டுட்டு போங்க, ரெண்டு இருந்தா கேள்வி வரும். சிம் லிம் ஸ்கொயர் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல பேரம் பேச தெம்பு இருந்தா பேசுங்க, ஆனா 2014ல அங்க ஒரு போன் கடைல வாரண்டின்னு சொல்லி கூடுதலா காசு கேக்க, வியட்நாம்ல இருந்து வந்த டூரிஸ்ட் ஒருத்தர் மண்டி போட்டு அழுத வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு, அது ஞாபகம் இருக்கட்டும்.

விலைய ஒப்பிடறப்ப கூகுள் காட்டுற ரேட்ட போடாதீங்க, நீங்க ஊருக்கு பணம் அனுப்புறப்ப கடைசியா கெடச்ச ரேட் இருக்கு பாருங்க, அத போடுங்க.

அப்பாவுக்கு போன் ஊர்லயே வாங்குங்க. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, கால் போகணும்னாலே வோல்ட்டி, அதாவது 4ஜி நெட்லயே கால் பேசற வசதி வேணும், வெளிநாட்டு மாடல் சிலதுல நம்ம நெட்வொர்க்குக்கு அது வேலை செய்யாது, நெட் வரும் பேச்சு வராது. ஆண்ட்ராய்டுல வாரண்டியும் பெரும்பாலும் வாங்குன நாட்டோட சரி. இல்லண்ணே வாங்கிட்டேன்னா, சாம்சங்கா இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி சிங்கப்பூர் சிம்ம போட்டு அஞ்சு நிமிஷத்துக்கு மேல யார்கிட்டயாவது பேசிடுங்க, ஏன்னா ரீஜன் லாக் (முதல்ல வித்த பகுதியோட சிம்ம தான் ஏத்துக்கும்) இருக்கற மாடல்ல அத பண்ணாம ஊர் சிம்ம போட்டா எடுக்காது. அமெரிக்காவுல இருந்து யாராவது ஐபோன் குடுத்து விட்டா இன்னொரு வம்பு, ஐபோன் 14 மாடல்ல இருந்து அங்க விக்கிறதுல சிம் சொருகுற இடமே கிடையாது. உங்களுக்கு போன் வேணும்னா அது வேற, நீங்க இருக்கறது சிங்கப்பூர்ல, அங்கயே வாங்குங்க.

ரைஸ் குக்கர் சிங்கப்பூர் முஸ்தபா கடைல வாங்குனா கரண்ட் பிரச்சனை இல்ல, ரெண்டு ஊர்லயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் தான், அமெரிக்காவுல தான் 120. பிளக் மட்டும் சதுர பின். ரெண்டு வெள்ளி அடாப்டர் போட்டு ஓட்டாதீங்க, எங்க வீட்ல ஒண்ணு லூசாகி லூசாகி கருகி, பிளாஸ்டிக் நாத்தம் அடிச்ச பிறகு தான் தெரிஞ்சுது. எலக்ட்ரீஷியன கூப்பிட்டு நம்ம ஊர் மூணு பின் பிளக்கா மாத்திடுங்க. ஆனா உண்மைய சொல்றேன், அம்மா வடிச்ச சோறு தான் சாப்பிடுவாங்கன்னா அது ரெண்டு வாரத்துல பரண் ஏறிடும், கேட்டுட்டு வாங்குங்க.

மத்த சாமானுக்கு அலவன்ஸ் 2016 ரூல்ஸ்ல 50,000 ரூபா இருந்துச்சு, 2026 பிப்ரவரில 75,000 ஆக்கிட்டாங்க. இதெல்லாம் மாறிட்டே இருக்கும், அதனால கிளம்பற வாரம் கஸ்டம்ஸ் வெப்சைட்ட ஒரு தடவை பாத்துக்கோங்க. கூட வர ஃப்ரெண்டோட அலவன்ஸையும் உங்களோடதயும் சேத்து ஒரே பொருளுக்கு காட்ட முடியாது. தாண்டுதுன்னு தெரிஞ்சா ரெட் சேனல்ல, அதாவது டூட்டி கட்ட வேண்டியவங்க போற வழில போய் கட்டிடுங்க. யாராச்சும் ட்ரோன் கேட்டா முடியாதுன்னுடுங்க, 2022 பிப்ரவரில இருந்து இறக்குமதிக்கே தடை. பவர் பேங்க் கைப்பைல தான் வரணும்.

பில் எல்லாத்தையும் வாங்குன அன்னிக்கே போட்டோ எடுத்து தங்கச்சி வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுங்க, அந்த வழவழ பேப்பர் பில்லு வாரண்டி முடியறதுக்கு முன்னாடியே வெள்ளையா போயிடும்.