மறு: கடலை ஒட்டியே பாலைவனம் எப்படி?

வணக்கம் நண்பரே. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை மழைக்காற்றை மறைப்பதால்தான் அதன் மேற்கே சிலியின் அட்டகாமா பாலைவனம் வறண்டது என்றால், தெற்கே உள்ள படகோனியா மட்டும் ஏன் மலைக்குக் கிழக்கே காய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான குழப்பம். பாடநூல்கள் 'மழை மறைவுப் பகுதி' (மலை மறைப்பதால் மழை எட்டாத பக்கம்) என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

மலையை விடுங்கள், முதலில் காற்றைப் பாருங்கள். அமேசான் பக்கம் வியாபாரக் காற்று அட்லாண்டிக்கின் ஈரத்தோடு கிழக்கிலிருந்து வருகிறது. காட்டில் கொட்டியது போக மிச்சத்தையும் ஆண்டீஸின் கிழக்குச் சரிவிலேயே இறக்கிவிடும்; மேற்கே அட்டகாமாவுக்கு ஈரம் மிஞ்சாது. தெற்கே சுமார் 35 டிகிரி அட்சரேகையைத் தாண்டினால் கதை தலைகீழ். அங்கே வீசுவது பசிபிக்கிலிருந்து வரும் மேலைக்காற்று. அதனால் தெற்குச் சிலியில் குளிர்ந்த மழைக்காடு. மலைக்கு அந்தப் பக்கம், அர்ஜென்டினாவின் படகோனியாவில், வறண்ட புல்லும் புதரும்.

ஆனால் அட்டகாமாவுக்கு மலை மட்டும் காரணமில்லை. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கரையோரமாக வடக்கு நோக்கி ஓடும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடலை ஒட்டிய காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, மேலெழாது. போதாக்குறைக்கு மேலே உயர் அழுத்தக் காற்று வேறு மூடிபோல் அமுக்குகிறது. பிறகு மழை மேகம் எங்கிருந்து வரும்? மூடுபனிதான் வரும். அங்கே அதற்கு 'கமன்சாக்கா' என்று பெயர். வலை கட்டி அதிலிருந்து தண்ணீர் பிடிக்கிறார்கள்! பெருவின் லிமா நகரமும் இப்படித்தான்: குளிர்காலம் முழுக்க மூடிய வானம், மழையோ பெயருக்குத்தான்.

தேர்வுக்கு எழுதுவதானால் வரைபடத்தில் காற்றின் திசைக்கு இரண்டு அம்புக்குறிகளும் நீரோட்டத்துக்கு ஒன்றும் போட்டுவிடுங்கள்.