காலையில் மட்டும் கடகடப்பு: செயின் கைடா, இன்ஜெக்டரா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் பழைய கார் விற்கும் ஒரு கடையில் 2012 மாடல் டிசையர் டீசல் வாங்கினேன். மீட்டரில் 92,000 கி.மீ. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நான்கைந்து விநாடி கடகடவென்று சத்தம், அப்புறம் நின்றுவிடுகிறது. ஒரு மெக்கானிக் டைமிங் செயின் கைடு போய்விட்டது என்கிறார். இன்னொருவர் இன்ஜெக்டர் என்கிறார். பெல்ட் மாதிரி இல்லை, செயின் ஆயுளுக்கும் வரும் என்றுதானே சொல்லி விற்றார்கள்? விற்றவரிடம் இப்போது கேட்க முடியுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் காரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின். மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனி கார்களிலும் ஓடியதால் இதற்கு 'தேசிய இன்ஜின்' என்றே செல்லப்பெயர் உண்டு. அதனால் இதைப் பிரித்துப் பார்த்த கைகளுக்குப் பஞ்சமில்லை. கோயம்புத்தூர் பக்கம் நல்ல ஆளாகப் பிடிப்பது கஷ்டமும் இல்லை.

சத்தம் எப்போது வருகிறது என்பதே பாதி பதில். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் சேர்த்து ஓட்டுவதுதான் டைமிங் செயின். அது உரசி ஓடும் பிளாஸ்டிக் தாங்கிதான் கைடு. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. ராத்திரி முழுக்க வண்டி நின்றால் அதிலிருக்கும் ஆயில் இறங்கிவிடும். காலையில் பிரஷர் ஏறும்வரை செயின் தொய்வாக ஓடிக் கைடில் அடிக்கும். எல்லாம் சரியாக இருக்கும் இன்ஜினில் இது ஒரு நொடியில் அடங்கிவிடும். நான்கைந்து விநாடி நீடித்தால் கைடோ டென்ஷனரோ தேய்ந்திருக்கலாம், பிரஷரே தாமதமாக ஏறலாம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் தட்டல் இப்படிச் சட்டென்று நிற்காது. சூடேற ஏறக் குறையும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மறுபடி எட்டிப்பார்க்கும்.

ஆனாலும் செயின்தான் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் காலையில் ஒரு சில விநாடி மட்டும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் போய்விட்டால் புல்லி பேரிங்கோடு கதை முடிந்தது. கிளட்ச்சை மிதித்தால் சத்தம் மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் கோளாறு கியர்பாக்ஸ் பக்கம். இரண்டும் இல்லையென்றால் நீள ஸ்க்ரூடிரைவரை டைமிங் கவர் மேல் ஊன்றிக் காதை வைக்க வேண்டியதுதான்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களை (கோட்) படிக்கும் ஸ்கேனரைப் போட்டுவிட்டு 'கோட் எதுவும் இல்லை, செயின் நன்றாக இருக்கிறது' என்பவரை நம்ப வேண்டாம். பி0016 என்ற கோட், கேமும் கிராங்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது வருவது. அதாவது செயின் நீண்ட பிறகு, அல்லது ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) ஒரு பல் தாண்டிய பிறகு. கைடின் பிளாஸ்டிக் உடைந்து செயின் நீளம் சரியாகவே இருந்தால் ஸ்கேனர் வாயைத் திறக்காது.

எனக்கு நம்பிக்கையான சோதனை, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றுவது. ஆயில் ஃபில்டரில் துணுக்கு தேடுவார்கள், ஆனால் ஃபில்டருக்கு முன்னாலேயே பம்ப் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கிறது. கைடு உடைந்தால் பெரிய துண்டுகள் அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் கசடோடு சேர்ந்து சொரசொரப்பாக வரும். காந்தத்தில் ஒட்டாத துணுக்கென்றால் பெரும்பாலும் கைடுதான். இந்த வலை அடைபட்டால் பிரஷர் இன்னும் தாமதமாகும், செயின் இன்னும் அடிக்கும். நோயே நோயை வளர்க்கிற நிலை. இதைச் சுத்தம் செய்யாமல் புது செயின் மாட்டுவது வீண் செலவு.

பிரித்தால் பழைய கைடை வாங்கிப் பாருங்கள். இரண்டு கோடுகள் லேசாக, சமமாகப் பதிந்திருந்தால் அது வயசு. ஆழமான பள்ளம் என்றால் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். டீசல் கரி கலந்த ஆயில் செயினையும் கைடையும் சேர்த்து அரைக்கும். ஒரே ஓரமாகத் தேய்ந்திருந்தால் யாரோ ஏற்கனவே பிரித்துச் சரியாக மாட்டவில்லை. கவர் ஓரத்தில் வேறு நிறத்தில் சீலன்ட் பிதுங்கியிருந்தால் அந்தச் சந்தேகம் உறுதி. 92,000 கி.மீ.க்கு இத்தனை தேய்மானம் என்றால் எனக்கு மீட்டர் மேலும் சந்தேகம் வரும். பதிவு எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். ஆயுளுக்கும் வரும் என்பது, ஆயிலை நேரத்துக்கு மாற்றும் வண்டிக்குச் சொன்னது.

மாற்றுவதானால் செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் சேர்த்து, ஸ்ப்ராக்கெட் பற்களையும் பார்த்து. கேம் லாக் செய்யும் டூல் வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அதுவரை தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், சரிவில் கியர் போட்டு நிறுத்தவும் வேண்டாம். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டும், பில் பல மடங்காகும்.

விற்றவர் விஷயம். கடையில் பில்லோடு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் பாருங்கள். ஆனால் 12 வயசு தாண்டிய காரில் தேய்மானத்துக்கு மட்டும் நஷ்டஈடு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மீட்டரைத் திருத்தியது, 'இன்ஜின் கண்டிஷன் சூப்பர்' என்று எழுதிக் கொடுத்தது, முந்தைய வேலையை மறைத்தது என்று ஏதாவது நிரூபிக்க முடிந்தால்தான் வழக்கு நிற்கும். அதனால் சம்ப்பைத் திறக்கும்போதே போட்டோ எடுங்கள், பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள், மெக்கானிக்கிடம் தேதி போட்டு எழுத்தில் வாங்குங்கள்.