வாசகர் கேள்வி–பதில்: காரீயத்தின் கனம்

சென்ற இதழில் பழங்காசுகளைப் பற்றிய விடை ஒன்றில், சாதவாகன மன்னர்கள் காரீயத்திலும் காசு வெளியிட்டார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும், ஆனால் சற்று விரிவாகவே, இம்முறை விடை தருகிறேன்.

கேள்வி: ஈயம், காரீயம், வெள்ளீயம், நாகம் என்று பல சொற்களைப் பழைய நூல்களில் பார்க்கிறேன். இவை அனைத்தும் ஓர் உலோகத்தின் பெயர்களா?

பதில்: அல்ல. ஈயம் என்பது பொதுச்சொல்லாகவே நெடுங்காலம் வழங்கியிருக்கிறது. அதில் கருமை சார்ந்தது காரீயம், வெண்மை சார்ந்தது வெள்ளீயம். தனிம வரிசையில் காரீயத்தின் எண் 82, வெள்ளீயத்தின் எண் 50. காரீயம் ஏறத்தாழ 327 பாகை செல்சியசில் உருகும். வெள்ளீயமோ 232 பாகையிலேயே உருகிவிடும். வேதியியல் தெரியாத காலத்தில் இவ்விரண்டையும் ஓர் உலோகத்தின் இரு நிறங்களாகக் கருதியது வியப்பில்லை. ரோமானியரும் இதையேதான் செய்தார்கள். காரீயத்தைக் 'கரிய ப்ளம்பும்' என்றும் வெள்ளீயத்தை 'வெள்ளைப் ப்ளம்பும்' என்றும் அழைத்தார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. காரீயத்துக்கு இன்றும் வழங்கும் வேதியியல் குறியீடு அந்த இலத்தீன் சொல்லின் சுருக்கமே. குழாய்ப்பணி செய்பவரைப் 'பிளம்பர்' என்று சொல்லும்போதும் அதே உலோகத்தைத்தான் நாம் நினைவுகூர்கிறோம்.

நாகம் என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கை தேவை. வடமொழி நூல்களில் நாகம் என்பது காரீயம். தமிழிலோ அது துத்தநாகத்தைக் குறிக்கும். மருத்துவச் சுவடிகளைப் படிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்தால் பொருள் முற்றிலும் பிறழ்ந்துவிடும்.

கேள்வி: பொன்னும் வெள்ளியும் இருக்க, காரீயத்தில் ஏன் காசு அடித்தார்கள்?

பதில்: சில்லறைக்காக. எளிதில் உருகுவதும், மென்மையாக இருப்பதும், மலிவாகக் கிடைப்பதும் சிறுமதிப்புக் காசுகளுக்கு ஏற்ற பண்புகள். இரு பாய்மரக் கப்பல் பொறித்த சாதவாகனர் காசுகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. இந்தியாவில் காரீயமே கிடையாது, முத்தையும் மணியையும் கொடுத்து அதைப் பெறுகிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். முசிறியில் இறங்கிய சரக்குகளுள் காரீயமும் இருந்தது உண்மை. ஆயினும் இன்றைய ராஜஸ்தான் பகுதியில் காரீயமும் துத்தநாகமும் எடுத்த மிகப் பழைய சுரங்கங்கள் கண்டறியப்பட்டிருப்பதால், அவருடைய கூற்றை முழுவதும் ஏற்க இயலாது.

கேள்வி: பழங்காலத்தில் சாபங்களைக் காரீயத் தகட்டில் எழுதியதாகப் படித்தேன். ஏன் குறிப்பாக அந்த உலோகம்?

பதில்: கிரேக்க, ரோமானிய உலகில் பிறர்மீது சாபமிட விரும்பியவர்கள், மெல்லிய காரீயத் தகட்டில் கூர்முனையால் கீறி எழுதி, அதைச் சுருட்டி அல்லது மடித்து, சில வேளைகளில் ஆணியால் துளைத்து, கல்லறையிலோ கிணற்றிலோ கோயில் ஊற்றிலோ போட்டார்கள். இத்தகைய தகடுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இதுவரை கிடைத்துள்ளன.

முதற்காரணம் எளிமையானது. காரீயக் கனிமமான கலீனாவில் சிறிதளவு வெள்ளியும் கலந்திருக்கும். வெள்ளியைப் பிரித்தெடுக்கும்போது காரீயம் பெருமளவில் மிஞ்சும். ஏதென்ஸ் நகருக்கு அருகே லாரியன் சுரங்கங்களில் கி.மு. 483-ஐ ஒட்டிக் கிடைத்த வெள்ளியைக் கொண்டு அந்நகரத் தலைவர் தெமிஸ்டாக்ளிஸ் கப்பற்படை கட்டச் செய்ததும், மூன்றாண்டுகளில் அப்படை சலாமிஸ் கடலில் பாரசீகரை வென்றதும் பலரும் அறிந்த வரலாறு. அந்த வெள்ளிக்குப் பின்னால் எவ்வளவு காரீயம் குவிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். எளியவரும் வாங்கத்தக்க எழுதுபொருளாக அது இருந்தது. நகம் பட்டாலே தடம் விழும் மென்மையும் அதற்கு உண்டு.

ஆனால் மலிவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், எழுதியவர்கள் உலோகத்தைப் பற்றி வாய்திறந்திருக்கமாட்டார்கள். சில ஏதென்ஸ் தகடுகளில், இந்தக் காரீயம் எப்படிக் குளிர்ந்தும் மதிப்பற்றும் கிடக்கிறதோ அப்படியே இன்னாருடைய சொல்லும் செயலும் ஆகட்டும் என்ற கருத்து வெளிப்படையாக வருகிறது. ஆக, மலிவு காரணமாகக் கைக்கு வந்த பொருள், பின்னர் தன் குளிர்ச்சியாலும் மங்கிய நிறத்தாலும் நீரில் போட்டவுடன் அமிழ்ந்துவிடும் கனத்தாலும் சாபத்தின் உடலாகவே மாறிவிட்டது.

இங்கிலாந்தின் பாத் நகரில், சுலிஸ் மினர்வா என்ற தெய்வத்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து ஏறத்தாழ 130 தகடுகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை திருட்டைப் பற்றிய முறையீடுகள். இரண்டு கையுறைகளைப் பறிகொடுத்த ஒருவர், எடுத்தவன் மனத்தையும் கண்களையும் இழக்கவேண்டும் என்று வேண்டுகிறார். திருடியது ஆணா பெண்ணா, அடிமையா அடிமை அல்லாதவரா என்று ஒருவரையும் விட்டுவிடாமல் சட்டப் பத்திரம் போல அடுக்கும் தகடுகளும் உள்ளன. கல்வெட்டு வெட்டுவிக்கும் வசதி இல்லாத சாதாரண மனிதரின் குரல் இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகு நம் காதில் விழுகிறது என்றால், அதற்குக் காரணம் நீரில் கிடந்தும் எளிதில் அரிக்கப்படாத அந்த உலோகம்தான்.

கேள்வி: மேலை நாட்டு இரசவாத நூல்களில் காரீயத்தைச் சனிக்கோளுடன் ஏன் இணைத்தார்கள்?

பதில்: கண்ணால் காணக்கூடிய கோள்களில் மிக மெதுவாக நகர்வது சனி. அதனால்தான் நம் நிகண்டுகளும் அதை மந்தன் என்கின்றன. நிறம் பற்றிக் காரி என்றும் சொல்லும். கனமும் மங்கலும் மந்தமும் கொண்ட உலோகத்தை அந்தக் கோளுக்கு உரியதாக இரசவாதிகள் வைத்தார்கள். பொன் சூரியனுக்கு உரியது. உலோகங்களின் வரிசையில் காரீயம் கடைசிப் படி. ஆகவே காரீயத்தைப் பொன்னாக்குவது என்பது அவர்களுக்கு உலோக வேலையாக மட்டும் அல்லாமல், கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு உயிர் ஏறுவதன் உருவகமாகவும் இருந்தது. காரீய நஞ்சால் வரும் நோய்க்கு ஐரோப்பிய மருத்துவர்கள் சனியின் பெயரையே வைத்தார்கள். சோர்வும் துயரமும் மிக்க இயல்பையும் அக்கோளின் பெயராலேயே சுட்டினார்கள்.

இலக்கியத்தில் இதன் இரு முகங்களையும் காணலாம். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், காதல் தெய்வத்தின் பொன்முனை அம்பு காதலைத் தூண்டும், காரீய முனை அம்பு அதை விரட்டும். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகரத்து நாடகத்திலோ பொன், வெள்ளி, காரீயம் என்ற மூன்று பேழைகளுள் நாயகியின் படம் காரீயப் பேழைக்குள் இருக்கிறது. மினுக்கம் இல்லாததை இகழ்வதற்கும் போற்றுவதற்கும் ஒரே உலோகம் பயன்பட்டிருக்கிறது.

கேள்வி: ரோமப் பேரரசு காரீயக் குழாய்களால்தான் அழிந்தது என்பது உண்மையா?

பதில்: இல்லை என்றே சொல்வேன். குழாய்களில் காரீயம் இருந்தது, அதனால் தீங்கும் இருந்தது. பேரரசின் வீழ்ச்சியை அதன் தலையில் கட்டுவதற்குத்தான் சான்று போதாது. கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ், காரீய வேலை செய்பவர்களின் வெளிறிய உடலைச் சுட்டிக்காட்டி, மண்குழாயே நலம் என்று கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். ஆனால் ரோமின் நீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. அது குழாயின் உட்புறத்தில் படிந்து ஓரளவு காப்பாக நின்றது. ரோமின் பழைய துறைமுக வண்டலை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, குழாய்நீரில் ஊற்றுநீரைவிடப் பன்மடங்கு காரீயம் இருந்திருக்கும் என்று காட்டியது. எனினும், பெருந்தீங்கு விளைவிக்கும் அளவு அதுவன்று என்றே அவ்வாய்வாளர்கள் கருதினர். மேலும், பேரரசு உச்சத்தில் இருந்த முதல் இரண்டு நூற்றாண்டுகளிலும் இதே குழாய்கள்தாமே நீர் கொண்டுவந்தன? காரீயப் பாத்திரத்தில் காய்ச்சிச் சுண்டவைத்த திராட்சைச் சாறுதான் செல்வர்களுக்கு அதிக ஆபத்தாக இருந்திருக்கும். சாற்றின் அமிலம் காரீயத்துடன் சேர்ந்து உண்டாக்கும் உப்பு நாவுக்கு இனிக்கும் என்பதுதான் அதில் கொடுமை.

ரோமானியர் உருக்கிய காரீயத்தின் புகை கிரீன்லாந்துப் பனிப்பாறை வரை சென்று படிந்திருக்கிறது. அந்தப் பனியைத் துளைத்தெடுத்து ஆராய்வோர், சுரங்கத்தொழில் செழித்த காலத்தையும் நலிந்த காலத்தையும் அடுக்கடுக்காகப் படிக்கிறார்கள்.

கேள்வி: ஓவியம் பயிலும் மாணவி நான். பழைய ஓவியர்கள் நஞ்சு என்று தெரிந்தும் ஈயவெள்ளையை ஏன் விடவில்லை? இன்று அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: எண்ணெய் ஓவியத்தில் அதற்கு ஈடான வெள்ளை அவர்களிடம் இல்லை. காரீயச் சுருள்களைப் புளிக்காடிப் பானைகளுக்குள் வைத்து, சுற்றிலும் சாணத்தைக் குவித்து, மாதக்கணக்கில் விட்டுவிட்டால், காடியின் ஆவியும் சாணத்தின் வெப்பமும் அது வெளிவிடும் கரியமில வாயுவும் சேர்ந்து உலோகத்தின்மேல் வெண்படலமாகப் பொரிந்து நிற்கும். காடியும் காரீயமும் கொண்டு வெள்ளை எடுக்கும் முறையைக் கி.மு. 300-ஐ ஒட்டியே தியோபிராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர் விவரித்திருக்கிறார். அந்த வெள்ளை எண்ணெயுடன் சேர்ந்து விரைவில் உலரும். வளைந்துகொடுக்கும் உறுதியான படலமாகும். தடித்துப் பூசினால் தூரிகையின் தடத்தை அப்படியே நிறுத்திக்கொள்ளும். ரெம்பிராண்டின் ஓவியங்களில் கழுத்துப்பட்டையும் நெற்றியும் ஒளி தாங்கிப் புடைத்து நிற்பது இந்தப் பண்பினால்தான்.

சுவர் ஓவியத்தில் அது நம்பத்தக்கதன்று. அசிசி நகரத்துப் பேராலயத்தில் சிமாபுவே 13-ஆம் நூற்றாண்டில் தீட்டிய சிலுவைக் காட்சியில், ஈயவெள்ளை காலப்போக்கில் கறுத்துப்போய், ஒளியும் நிழலும் இடம் மாறி, இன்று புகைப்பட நெகட்டிவ் போலக் காட்சியளிக்கிறது. அந்த ஓவியத்தின் படத்தை ஒருமுறையாவது பாருங்கள். வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஏற்பட்ட பிழை எவ்வளவு காலம் தாழ்த்தி வெளிப்படும் என்பதை வேறெதுவும் இப்படிக் காட்டாது.

எண்ணெய் ஓவியத்தில் பூசப்பட்ட காரீயமோ சாட்சி சொல்லும் குணமுடையது. எக்ஸ்-கதிர் அதை எளிதில் ஊடுருவாது என்பதால், ஓவியர் முதலில் தீட்டிப் பின்பு மறைத்த கையும் முகமும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் வெளிவருகின்றன. அதைவிட நுட்பமானது காரீயம்-210 என்ற கதிரியக்க ஐசோடோப்பு, அதாவது காலப்போக்கில் தானே சிதைந்துபோகும் ஒரு காரீய வகை. கனிமத்தில் ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமம் சிதைந்துகொண்டே இருப்பதால் இந்த ஐசோடோப்பு தொடர்ந்து நிரப்பப்பட்டு வரும். உருக்கும்போது ரேடியத்தின் பெரும்பகுதி கசடோடு போய்விட, காரீயம்-210 மட்டும் உலோகத்தில் தங்கி, சுமார் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள வெள்ளையில் அது எஞ்சியிருக்கும் ரேடியத்துக்கு ஏற்ற அளவுக்குத் தணிந்திருக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் தீட்டியதாக நம்பி ராட்டர்டாம் அருங்காட்சியகம் வாங்கிய எம்மாவுஸ் விருந்து ஓவியத்தை ஹான் வான் மேகெரன் என்ற ஓவியர் 1945-இல் தன்னுடைய போலி என்று ஒப்புக்கொண்ட பிறகும் சிலர் நம்ப மறுத்தனர். 1960-களின் இறுதியில் செய்த சோதனையில் அதன் ஈயவெள்ளையில் காரீயம்-210 ரேடியத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. அந்த வெள்ளை 17-ஆம் நூற்றாண்டினது அன்று என்பது அத்துடன் முடிவாயிற்று.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பயிலும் நிலையில் அதைத் தொடவேண்டாம். டைட்டானியம் வெள்ளையும் துத்தநாக வெள்ளையும் உங்களுக்குப் போதுமானவை. குறிப்பாக, தூளாகக் கிடைக்கும் ஈயவெள்ளையைக் கையில் எடுக்கவே கூடாது. மூச்சில் ஏறிய காரீயம் எலும்பில் தங்கிவிடும். அதைத் தயாரித்த தொழிலாளர்கள் வயிற்றுவலியும் கைகால் முடக்கமும் கொண்டு மடிந்ததை மறந்துவிட்டு அந்த வெள்ளையின் அழகைப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: 'மினியேச்சர்' என்பது சிறிய ஓவியம் என்ற பொருளில் வந்த சொல்தானே?

பதில்: முதலில் அன்று. காரீயத்தை வறுத்துப் பெறும் செந்நிறப் பொடிக்கு இலத்தீனில் 'மினியம்' என்று பெயர். தமிழில் ஈயச் செந்தூரம் எனலாம். கையெழுத்துச் சுவடிகளில் அந்தச் செம்மையால் தலைப்பெழுத்து இடுவதைக் குறித்த சொல், பின்னர் சுவடிப் படங்களுக்கு ஆகி, அப்படங்கள் சிறியனவாக இருந்ததால் சிறுமைப் பொருளைப் பெற்றது.

கேள்வி: பென்சிலில் காரீயம் உண்டா?

பதில்: இல்லை. அது கிராஃபைட், அதாவது கரிமம். காரீயத்தின் ஒரு வகை என்று தவறாகக் கருதி வைத்த பெயர் ஐரோப்பிய மொழிகளில் நிலைத்துவிட்டது.

கேள்வி: துப்பாக்கிக் குண்டும் அச்செழுத்தும் ஒரே உலோகம் என்பது உண்மையா?

பதில்: பெரும்பகுதி உண்மை. அச்சுக்கலை முன்னோடி கூட்டன்பர்க் 1450-ஐ ஒட்டிச் செருமனியின் மைன்ஸ் நகரில் பயன்படுத்திய அச்செழுத்துகள் காரீயத்துடன் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ந்த கலவை. காரீயம் எளிதில் உருகும். ஆன்டிமனி அதற்குக் கடினத்தைத் தரும். ஆறும்போது சுருங்காமல் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பச் செய்யும். தேய்ந்த எழுத்தை உருக்கி மீண்டும் வார்க்கலாம்.

எளிதில் உருகும் அதே குணம் சிலைகளுக்கு எமனாகவும் ஆனது. நியூயார்க்கில் நின்ற மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பொன்முலாம் பூசிய காரீயக் குதிரைச்சிலையை 1776 ஜூலை 9 அன்று மக்கள் வீழ்த்தினார்கள். அதன் பெரும்பகுதியைக் கனெக்டிகட் மாநிலத்துக்குக் கொண்டுசென்று உருக்கி 42,088 குண்டுகளாக வார்த்து, அந்த மன்னரின் படைகளுக்கு எதிராகவே பயன்படுத்தினார்கள்.

கேள்வி: இக்காலக் கலைஞர்கள் யாரேனும் காரீயத்தைக் கையாளுகிறார்களா?

பதில்: இருவரைச் சொல்கிறேன். 2024-இல் மறைந்த அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1969-இல் நான்கு கனத்த காரீயத் தகடுகளை, ஒட்டோ ஆணியோ இன்றி, சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து நிறுத்தினார். ஏறத்தாழ ஒரு டன் எடை, அந்த எடையாலேயே நிற்கிறது.

மற்றவர் செருமானியரான ஆன்செல்ம் கீஃபர். மனித வரலாற்றின் சுமையைத் தாங்கும் அளவுக்குக் கனமான பொருள் காரீயம் ஒன்றே என்பது அவருடைய கருத்து. போரில் அழிந்த நாட்டில் 1945-இல் பிறந்தவர் அவர். கொலோன் பேராலயத்தின் கூரையைப் புதுப்பித்தபோது கழற்றிய பழைய காரீயத்தை வாங்கிவந்து, 1980-களில் ஏறத்தாழ 200 புத்தகங்களாக்கி எஃகு அலமாரிகளில் அடுக்கினார். சாபத் தகடுகளை எண்ணிக்கொண்டே அந்தப் படைப்பின் படத்தைப் பார்த்தேன். அங்கே எழுதுவதற்காகத் தட்டப்பட்ட உலோகம், இங்கே ஒருவராலும் எளிதில் தூக்கிப் படிக்க இயலாத ஏடாக நிற்கிறது.