தலையில கூரை இருக்கா? சீன 'திங்ஜின்' பத்தி கேட்டவங்களுக்கு

கேள்வி: யீவூ (சீனாவோட மொத்த வியாபாரச் சந்தை ஊர்) சப்ளையர் நான் கட்டின காசுக்கான ரசீதுல 'திங்ஜின்'னு போட்டிருக்கார், ஆர்டரை கேன்சல் பண்ணா காசு வருமா சார்?

முதல் எழுத்தை ஜூம் பண்ணி பாருங்க. ஒரே உச்சரிப்புல ரெண்டு வார்த்தை இருக்கு, டோன் கூட ஒண்ணுதான், அதனால போன்ல கேட்டு பிரயோஜனமே இல்ல, டிரான்ஸ்லேட் ஆப்பும் ரெண்டையும் 'டெபாசிட்'னுதான் காட்டும். எழுத்தோட தலையில குட்டி கூரை இருந்தா அது அச்சாரம் மாதிரி: நீங்க பின்வாங்கினா போச்சு, அவர் பின்வாங்கினா டபுளா தரணும். கூரை இல்லாம, இடப்பக்கம் மேல ஒரு புள்ளியும் கீழ கொக்கியுமா இருந்தா வெறும் புக்கிங் காசு, கோர்ட் பொதுவா முன்பணமாத்தான் பார்க்கும், திரும்ப கேக்கலாம் (தப்பு உங்க பக்கம்னா நஷ்டத்தை கழிச்சுக்குவாங்க). கிறுக்கலா இருந்தா வீசாட்ல டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க.

கேள்வி: 1 லட்சம் யுவான் ஆர்டருக்கு 30% கட்டிட்டேன், கூரை இருக்கு. இப்ப சரக்கே தர முடியாதுங்கறார். 60,000 கிடைக்குமா?

கிடைக்காது, 50,000தான். 2021 ஜனவரி 1லேர்ந்து அமல்ல இருக்கற சீன சிவில் கோடு 586வது பிரிவுப்படி அச்சாரம் மொத்த தொகையில 20% தாண்டக்கூடாது, தாண்டினது சாதா முன்பணம். 20,000 டபுளாகி 40,000, மிச்ச 10,000 அப்படியே வரும். இதெல்லாம் உங்க ஒப்பந்தத்துக்கு சீனச் சட்டம் பொருந்தினாத்தான். அப்புறம், ரெண்டு நாள் லேட்டாச்சுன்னு டபுள் கேட்டுறாதீங்க, ஒப்பந்தத்தோட நோக்கமே கெட்டாத்தான் 587வது பிரிவு உதவும்.

கேள்வி: எங்க பேப்பர்ல 'யாஜின்'னு இருக்கே?

அது வாடகை வீட்டு அட்வான்ஸ் மாதிரி காப்புத்தொகை, டபுள் எல்லாம் வராது. ஆனா பேரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, என்ன பேர் போட்டிருந்தாலும் "பணம் வாங்கினவர் தவறினா ரெண்டு மடங்கு தரணும்"னு ஒப்பந்தத்துல எழுதியிருந்தா அச்சாரமாவே வாதாடலாம், 2023ல சீனாவோட உச்ச நீதிமன்றமான சுப்ரீம் பீப்பிள்ஸ் கோர்ட் கொடுத்த விளக்கத்துலயும் அச்சாரத் தன்மை பேசி வச்சிருக்காங்களாங்கறதுதான் கேள்வி.

கேள்வி: அபராதம், அச்சாரம் ரெண்டுக்கும் ஷரத்து இருக்கு, ரெண்டையும் கேக்கலாமா?

முடியாது, எது லாபமோ அதை எடுங்க, 588வது பிரிவு சொல்றது அதுதான். அச்சாரத்தை எடுத்து அது நஷ்டத்துக்கு பத்தலேன்னா மிச்சத்தையும் கேக்கலாம், ஆனா பில்லெல்லாம் வேணும்.