சடங்கு எப்படிப் பாடமாகும்?

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்க முறையில் பருவச் சடங்கு வைத்துப் பாடம் நடத்துகிறார்களாமே, சடங்கு எப்படிப் பாடமாகும்?

பதில்: ஒருநாள் விருந்தோடு முடிகிற சடங்கு இல்லை இது. பதின்ம வயதுப் பிள்ளைகளை மாதக்கணக்கில் தேவாலயத்திலோ சமூகக் கூடத்திலோ உட்கார வைத்து, பெற்றோர் அல்லாத பெரியவர்கள் குடும்ப வரலாறு, அடிமை வியாபாரம், காசைக் கையாள்வது, உடம்பு மாறுவது என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். 1966-ல் மௌலானா கரெங்கா என்ற கறுப்பின அறிஞர், அமெரிக்கக் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய க்வான்சா பண்டிகையோடு கொண்டுவந்த ஏழு கொள்கைகள்தான் பல இடங்களில் அடிப்படை. பெயர்கள் சுவாஹிலியில்: உமோஜா என்றால் ஒற்றுமை, நியா என்றால் நோக்கம். சுவாஹிலி கிழக்கு ஆப்பிரிக்க மொழியாச்சே, இவர்களின் முன்னோர் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் நடு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள்தானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் சொந்த ஊர் எது என்பதே அழிக்கப்பட்டவர்கள் பொதுவாக ஒரு மொழியை எடுத்துக்கொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நிறைவு நாளில் மூத்தவர் ஒருவர் செடித்தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி முன்னோர் பெயர்களைச் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ‘ஆஷே’ என்று சொல்லும்; அது மேற்கு ஆப்பிரிக்க மொழியான யொருபாவின் சொல், ‘அப்படியே ஆகட்டும்’ மாதிரி. அப்புறம் கூட்டத்தில் இருப்பவர்களும் அவரவர் தாத்தா பாட்டி பெயரைச் சத்தமாகச் சொல்லலாம்.