200 ராண்டுக்கு அக்கவுண்ட் வேண்டாம், பழைய டிஸ்க்கே போதும்

டர்பன் நகரத்து சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: பிறந்தநாளுக்கு மகள் 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி' என்ற வீடியோ கேம் கேட்கிறாள். வீட்டில் சோனியின் பி.எஸ்.4 (பிளேஸ்டேஷன் 4) மெஷின் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் டிஸ்க் இல்லாமல், அக்கவுண்ட்டோடு 200 ராண்டுக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள், அம்மா.

அவர் விற்பது விளையாட்டையே அல்ல. தன் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டைத்தான் விற்கிறார். ஒரு அக்கவுண்ட்டை ஒரு நேரத்தில் ஒரே ஒரு பி.எஸ்.4-இல்தான் 'பிரைமரி'யாக, அதாவது அதன் விளையாட்டுகளை வீட்டில் யார் வேண்டுமானாலும் ஆடும்படி, வைக்க முடியும். இவர்கள் அதையே நாலைந்து பேருக்கு விற்றுவிடுவார்கள். இன்னொருவர் தன் மெஷினை பிரைமரி ஆக்கியதும் உங்கள் வீட்டுத் திரையில் அந்த விளையாட்டின் படத்தின் மேல் ஒரு சின்னப் பூட்டு வந்துவிடும். போன பள்ளி விடுமுறையில் ஒரு பையன் மெஷினைத் துண்டில் சுற்றி என் கடைக்கு எடுத்து வந்தான், "கெட்டுப்போச்சு அங்கிள்" என்று. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் பூட்டுதான். விற்றவரின் நம்பர் அதற்குள் வேலை செய்யவில்லை. அக்கவுண்ட்டை விற்பதே சோனியின் விதிக்கு விரோதம் என்பதால் அங்கேயும் போய்க் கேட்க முடியாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நம் தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடையில் வாங்கிய பொருள் பழுதானது என்றால் 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். ரிப்பேரா, வேறு பொருளா, பணமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள், கடைக்காரர் அல்ல. ஆனால் பெயரும் ரசீதும் இல்லாதவர் மேல் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? 2008-இல் போட்ட சட்டம் இது. இன்னும் சில கடைகளில் 'பிரித்த விளையாட்டைத் திரும்ப வாங்கமாட்டோம்' என்று போர்டு தொங்குகிறது. பழுதான டிஸ்க்குக்கு அந்தப் போர்டு செல்லாது. அதைக் கழற்ற வைக்க வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

அதனால் ரசீது தரும் கடையில் பழைய டிஸ்க் வாங்குங்கள். ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். இதே விளையாட்டு 2022-இல் 'லெகசி ஆஃப் தீவ்ஸ்' என்ற தொகுப்பிலும் பி.எஸ்.5-க்கு வந்தது. அந்த டிஸ்க் உங்கள் பி.எஸ்.4-இல் ஓடவே ஓடாது. பி.எஸ்.4 டிஸ்க்கோ, பிறகு நீங்கள் பி.எஸ்.5 வாங்கினாலும் அதில் ஓடும். அதிலும் டிஸ்க் போடும் வாய் உள்ள மெஷினாக இருந்தால்தான். வாய் இல்லாத 'டிஜிட்டல்' மாடலில் எந்த டிஸ்க்கும் போகாது. ஆகவே உறையின் மேல்பட்டையில் பி.எஸ்.4 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கீறல் பரவாயில்லை. நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தால் தொடாதீர்கள்.

மகள் நல்ல விளையாட்டாகத்தான் கேட்டிருக்கிறாள். குளோயி என்ற பெண் மேற்குத் தொடர்ச்சி மலையில், ஹொய்சாளர்களின் இடிபாடுகளுக்கு நடுவே பிள்ளையாரின் தந்தத்தைத் தேடிப் போகிறாள். ஹளேபீடு, பேலூர் பெயரெல்லாம் வரும். கூட வரும் நடீன் நம் தென்னாப்பிரிக்கப் பெண். முந்தைய பாகங்களை ஆடியிருக்க வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கிச் சண்டை நிறைய உண்டு. உறையில் போட்டிருக்கும் வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் ஆன பிறகும் விளையாட டிஸ்க் உள்ளேயே இருக்க வேண்டும். இரவல் கொடுத்துவிட வேண்டாம்.